மதுரகவி பாஸ்கரதாஸ்: தேசியக் கவியா, ஆர்டர் எடுத்து பாட்டு எழுதினவரா?

மாசிவீதி மைனர்:
இங்க பழைய நாடகப் பாட்டு ஆளுங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு தைரியத்துல ஆரம்பிக்கிறேன். பாஸ்கரதாஸ்னு பேரை எடுத்தாலே ‘விடுதலைப் போராட்டப் பாடலாசிரியர்’னு ஒரு சீட்டு ஒட்டிட்டு எல்லாரும் அடுத்த சோலியப் பாக்கப் போயிடுறாங்க. ‘காந்தியோ பரம ஏழை சன்யாசி’ எழுதினார், கே.பி. சுந்தராம்பாள் பாடினாங்க, ஜே போடு, அவ்ளோதான். என் கட்சி என்னன்னா அந்த மனுசன் மொதல்ல ஒரு தொழில்காரர். பாட்டு எழுதுறது அவருக்கு சோறு. தேசபக்தி அதுக்குள்ள வந்து உக்காந்துச்சு, அதனாலதான் ஊர் ஊரா பரவுச்சுன்னு சொல்றேன்.

கொஞ்சம் விளக்கமா சொல்லிடுறேன். 1892ல விளாத்திகுளம் பக்கம் நாகலாபுரத்துல பிறந்தவர், வீட்ல வெச்ச பேரு வெள்ளைச்சாமி. வளந்து தொழிலுக்கு வர்ற காலத்துல மதுரை சுத்துவட்டாரத்துல ஸ்பெஷல் நாடகம் கொடிகட்டிப் பறக்குது. ஸ்பெஷல்னா கம்பெனி நாடகம் மாதிரி ஒரே இடத்துல தங்கி ஒத்திகை பாத்து போடுறது இல்ல. காண்ட்ராக்டர் ராஜபார்ட்டை, அதாவது கதாநாயகனா நடிக்கிறவரை, ஒரு ஊர்ல புடிப்பாரு, கதாநாயகியா நடிக்கிற ஸ்திரீபார்ட்டை இன்னொரு ஊர்ல, பபூன் வேற எங்கயோ இருந்து வருவாரு, சாயங்காலம்தான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பாங்க, ராத்திரி பத்து மணிக்கு ஆட்டம். எப்படி முடியும்னா சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் எல்லாம் அத்தனை பேருக்கும் மனப்பாடம். சரி, எல்லாருக்கும் அதே நாடகம், அதே வசனம், அதே பாட்டுன்னா ஒரு நடிகரு இன்னொருத்தரை விட எப்படி பெரியாளு ஆவாரு? தனக்குன்னு சொந்தமா ரெண்டு பாட்டு வேணும். அந்த ரெண்டு பாட்டை எழுதிக் குடுக்குற ஆளு வேணும். பாஸ்கரதாஸ் நின்ன இடம் அதுதான்.

செல்லாக்காசு:
நல்லா இருக்கு மைனர் சார். ஆனா நீங்க சொல்றதை அப்படியே ஒத்துக்கிட்டா அவரை கவின்னு சொல்றதுக்கே இடமில்லாம போகுதே. பாரதியை ஒரு பக்கம் வெச்சுட்டு இந்தப் பாட்டுகளை இன்னொரு பக்கம் வெச்சுப் பாருங்க. வரிகள் எல்லாம் ரொம்ப சாதாரணம், எதுகை மோனைய வெச்சு இழுத்துக்கிட்டுப் போறது, பாதி இடத்துல சமஸ்கிருத வார்த்தைய வெச்சு அடைச்சிருக்கு. மெட்டாவது சொந்தமான்னா அதுவும் கிடையாது. எவனோ பம்பாய் பார்ஸி நாடகக் கம்பெனிக்காரன் போட்ட மெட்டு.

கருப்புத்தட்டு:
செல்லாக்காசு அண்ணே, மெட்டு விஷயத்துல மட்டும் குறுக்க வரேன். அந்தக் காலத்து பாட்டுப் புஸ்தகம் எதையாவது கையில வாங்கிப் பாருங்க, பாட்டு தலைப்புக்குக் கீழயே ‘இன்ன பாட்டு மெட்டு’ன்னு அச்சடிச்சிருப்பான். ராகம், தாளம் போட்டதும் இருக்கும், ‘பார்ஸி மெட்டு’ ‘இந்துஸ்தானி மெட்டு’ன்னு போட்டதும் இருக்கும், ஏற்கெனவே ஜனங்க வாயில இருக்குற ஒரு தமிழ்ப் பாட்டோட முதல் அடியப் போட்டு அது மாதிரி பாடுன்னு சொன்னதும் இருக்கும். யாரும் ஒளிச்சு வெக்கல. ஏன்னா வாங்குறவனுக்கு சுரம் எழுதினா புரியாது, ரேடியோவும் அப்ப கிடையாது. காலணா அரையணா குடுத்து சந்தையில வாங்குற புஸ்தகத்துல இருக்குற பாட்டை வீட்டுக்குப் போய் பாடணும்னா தெரிஞ்ச மெட்டு ஒண்ணு வேணும். இதைத் திருட்டுன்னு சொன்னா காவடிச்சிந்துல இருந்து கும்மி வரைக்கும் எல்லாமே திருட்டுதான்.

இன்னொண்ணு. வரிகள் சாதாரணம்னு சொல்றீங்க. பேப்பர்ல படிச்சா அப்படித்தான் தெரியும். இது மைக் இல்லாத கொட்டகையில, ராத்திரி ரெண்டு மணிக்கு, கடைசி பெஞ்சுக்குப் பின்னால தரையில துண்டு விரிச்சு பாதித் தூக்கத்துல இருக்குற ஆளு காதுல போய் விழணும். நெடில் எங்க வருதுன்னு பாருங்க. ‘காந்தியோ’ன்னு எடுக்கும்போதே ஓகாரத்துல எவ்ளோ நேரம் வேணா நிக்கலாம், ‘சன்யாசி’ன்னு முடிக்கிறப்ப இகாரத்துல மேல போகலாம். பாடுறவங்க தொண்டைய மனசுல வெச்சு வெட்டின துணி அது. சுந்தராம்பாள் அம்மா குரலை ஒருதடவை கேட்டுட்டு அப்புறம் வரிய எடை போடுங்க.

செல்லாக்காசு:
சரி, அப்ப பாடுறவங்கதான் பெரியவங்க, எழுதினவர் இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க 😄

கருப்புத்தட்டு:
நான் சொன்னது அது இல்லன்னு உங்களுக்கே தெரியும்.

விளாத்திகுளம் வெயில்:
வணக்கம், நாகலாபுரம் எங்க தாலுகாதான், அதனால ரெண்டு வார்த்தை. எங்க பக்கம் பங்குனி சித்திரையில கோயில் கொடைன்னா இன்னிக்கும் வள்ளி திருமணம் உண்டு, விடியிற வரைக்கும். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் ஆரம்பிச்சா கூட்டம் எழுந்திரிக்காது. அதுல வள்ளி தினைப்புனத்துல பரண் மேல நின்னு ஆலோலம் பாடி குருவி விரட்டுற கட்டம் இருக்குல்ல, அந்த எடத்தைத்தான் அந்தக் காலத்து ஆளுங்க நல்லா உபயோகப்படுத்திக்கிட்டாங்க. பயிரைத் திங்க வர்ற பறவைய விரட்டுறதுதானே கதை, அதுல வெள்ளைக்காரனுக்குப் பதிலா வெள்ளைக் கொக்கைக் கொண்டாந்து விட்டா போதும். ‘கொக்கு பறக்குதடி பாப்பா’ அந்த வேலையத்தான் செஞ்சுது. பாஸ்கரதாஸ் எழுத, நாடக நடிகர் விஸ்வநாததாஸ் பாடினது. போலீஸ்காரன் முன் வரிசையில உக்காந்து நோட்டுல எழுதுவான், என்னன்னு எழுதுவான்? கொக்குன்னுதான் எழுதணும். ஆனாலும் புடிச்சாங்க. நாடகத்தைத் தடை பண்ண 1876ல கொண்டாந்த சட்டம் கையில இருந்துச்சு, விஸ்வநாததாஸ் திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனவர். சிவகாசிக்காரர், மருத்துவர் சமூகம், அவரோட சேந்து நடிக்க மாட்டேன்னு சொன்ன ஸ்திரீபார்ட்டுகளும் உண்டு, அது தனிக் கதை, வெள்ளைக்காரனை மட்டும் குத்தம் சொல்லி முடிக்கிற கதை இல்ல. 1940 டிசம்பர் 31 ராத்திரி மெட்ராஸ் ராயல் தியேட்டர்ல முருகன் வேஷத்துல மயில் மேல உக்காந்தபடியே பாடிட்டு இருக்கும்போது உசுரு போச்சு.

மைனர் சொன்னதுக்கு இது ஆதாரம்னு நினைக்கிறேன். தனியா மேடை போட்டு தேசபக்திப் பாட்டுக் கச்சேரின்னு வெச்சிருந்தா எங்க ஊர்ல எவனும் போயிருக்க மாட்டான். வள்ளி திருமணத்துக்குப் போனவன் காதுல போய் விழுந்துச்சு.

தாரிணி ஆய்வு:
எல்லாருக்கும் வணக்கம், நான் இந்த காலத்து இசைத்தட்டுகள் பத்தி ஆய்வு பண்ணிட்டு இருக்கேன், மைனர் சாரோட வாதம் எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா ஒரு விஷயம் யாரும் பேசலயே. இந்தப் பாட்டுகளை ஊர் முழுக்க கொண்டு போனதுல பெரிய பங்கு பெண்களோட குரலுக்கு. சுந்தராம்பாள் ஒருத்தர், நடிகை டி.பி. ராஜலட்சுமி இன்னொருத்தர். அந்த நாள்ல மேடை ஏறின பெண்ணை சமூகம் எப்படி பாத்துச்சுன்னு நமக்குத் தெரியும், அதே பெண் ராட்டையப் பத்தியும் காந்தியப் பத்தியும் பாடும்போது அவங்களுக்கே ஒரு மரியாதை கிடைக்குது, காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி மாதிரி ஆளுங்க நாடகக்காரங்களை காங்கிரஸ் மேடைக்கே கூட்டிட்டு வர்றாங்க, 1937 தேர்தல்ல சுந்தராம்பாள் ஊர் ஊரா பிரச்சாரம் பண்றாங்க. அப்ப பாட்டுக்கு அவங்க என்ன குடுத்தாங்கன்னு கேக்குற மாதிரியே பாட்டு அவங்களுக்கு என்ன குடுத்துச்சுன்னும் கேக்கணும் இல்லையா?

அப்புறம் பாஸ்கரதாஸ் பாட்டு எழுதின காளிதாஸ் படம் பத்தியும் யாராவது சொல்லுங்களேன்.

மாசிவீதி மைனர்:
தாரிணிம்மா, நீங்க சொன்னது எனக்கு தோணவே இல்ல, நல்ல பாயிண்டு.

காளிதாஸ் 1931 அக்டோபர் 31, மெட்ராஸ் கினிமா சென்ட்ரல்ல ரிலீஸ். தமிழ் பேசின முதல் படம்னு சொல்றோம், ஆனா பம்பாயில இம்பீரியல் கம்பெனி எடுத்தது, ஹெச்.எம். ரெட்டி டைரக்‌ஷன், ஹீரோ தெலுங்குல பேசுவாரு, ராஜலட்சுமி தமிழ்ல பதில் சொல்லுவாங்க. அதுல பாட்டு பாஸ்கரதாஸோடது. கதை என்ன, காளிதாசன், உஜ்ஜயினி, காளி அருளு. அதுக்கு நடுவுல ‘ராட்டினமாம் காந்தி கைபாணமாம்’னு ஒரு பாட்டு வரும்! இந்தியர்களுக்குள்ள எதுக்கு வீண் சண்டைன்னு இன்னொரு பாட்டு வரும். இதைச் சொன்னா இன்னிக்கு பசங்க சிரிக்கிறாங்க, லாஜிக் இல்லையேன்னு. ஆனா அன்னிக்கு சினிமாவுக்குப் போனவன் கதை பாக்கவா போனான், மேடையில ஹிட்டான பாட்டை ராஜலட்சுமி வாயில கேக்கப் போனான். படம் நாடகத்துக்கிட்ட இருந்து பாட்டை வாங்கிக்கிச்சு, அவ்ளோதான். இன்னிக்கு அந்தப் படம் ஒரு அடி கூட மிச்சம் இல்ல. பாட்டு வரி மிச்சம் இருக்கு.

செல்லாக்காசு:
நானும் விடுறதா இல்ல. நீங்க எல்லாம் ‘தொழில்காரர்’னு சொல்றதுல ஒரு சங்கடம் இருக்கு, அதைக் கண்டுக்காம தாண்டிப் போறீங்க. கிராமபோன் கம்பெனின்றது என்ன? லண்டன் முதல். கல்கத்தாவுல ஃபேக்டரி போட்டு தட்டு அடிச்சு வித்தான். மத்த பெரிய லேபிளும் வெளிநாட்டு முதல்தான். அப்ப வெள்ளைக்காரனே காந்தி பாட்டை தட்டுல அடிச்சு நமக்கு வித்து லாபம் பாத்திருக்கான், சுதேசிப் பாட்டு விதேசித் தட்டுல. ஒரு பக்கம் அன்னியத் துணிய தெருவுல போட்டுக் கொளுத்துறாங்க, இன்னொரு பக்கம் அதைப் பாராட்டுற பாட்டை அன்னிய கம்பெனி தட்டுல வாங்குறாங்க. இதைத் தியாகம்னு எப்படி சொல்றது?

கருப்புத்தட்டு:
தியாகம்னு இந்த இழையில யாருமே சொல்லலியே அண்ணே. ஜெயிலுக்குப் போன விஸ்வநாததாஸ் கதைய வெயில் சொன்னாரு, அது தியாகம்தான், அதை விட்டுருவோம். ரெக்கார்டு கம்பெனி கணக்கு வேற. அவனுக்கு எது விக்குமோ அதை அடிப்பான், ஒரு பக்கம் முருகன் பாட்டு, மறுபக்கம் மோதிலால் நேரு செத்ததுக்கு அழுகிற பாட்டு. 1931 பிப்ரவரியில மோதிலால் போனாரு, சுந்தராம்பாள் குரல்ல அந்த ஒப்பாரி தட்டா வந்து வீடு வீடா ஓடுச்சு. பேப்பர் படிக்கத் தெரியாதவனுக்கு அதுதான் நியூஸ். சர்க்காருக்கு கோவம் வராதான்னா வந்துச்சு, புஸ்தகத்தைத் தடை பண்ணான், நாடகத்தை நிறுத்தினான். ஆனா தட்டை வீடு வீடா போய் உடைக்க முடியுமா? பேப்பருக்கும் மேடைக்கும் இருந்த கெடுபிடி பொட்டிக்குள்ள பாடுற பாட்டுக்கு எட்டல.

தாரிணி, உங்க ஆய்வுக்கு உதவுமேன்னு சொல்றேன். பத்து இஞ்ச் தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம், மூணேகால் நிமிஷம், அவ்ளோதான் இடம். மேடையில ஒரு பாட்டை இருபது நிமிஷம் இழுப்பாங்க, ஜனங்க ஒன்ஸ்மோர் கேட்டா மறுபடி முதல்ல இருந்து. செத்துப்போன கோவலன் எழுந்து நின்னு இன்னொருதடவை பாடிட்டு திரும்பப் படுப்பான், அதெல்லாம் நடந்திருக்கு. தட்டுக்கு வரும்போது ஆலாபனை போச்சு, பல்லவி உடனே வரணும், ஒரு சரணம், மிஞ்சினா ரெண்டு. மூணு நிமிஷத்துல விஷயத்தை சொல்லி முடிக்கத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் பொழப்பு. பாஸ்கரதாஸோட பல்லவி ஏன் அப்படி ஒரே அடியில முழு விஷயத்தையும் கொட்டுதுன்னு யோசிச்சா காரணம் இதுலதான் கிடக்குன்னு என் எண்ணம். அப்புறம் தட்டோட லேபிளைப் பாருங்க, பாடினவங்க பேரு பெருசா இருக்கும், ராகம் இருக்கும், ‘நாடகப் பாட்டு’ன்னு இருக்கும், எழுதினவர் பேரு பெரும்பாலும் இருக்காது. அதனாலதான் நூறு வருஷத்துல ‘சுந்தராம்பாள் பாட்டு’, நாடக நடிகர் கிட்டப்பா பாடினா ‘கிட்டப்பா பாட்டு’ன்னே நின்னு போச்சு.

மதகடி வாத்தியார்:
இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும், செல்லாக்காசு ஐயா பாரதிய இழுத்ததால வரேன். பாரதி 1921ல மறைஞ்சார். அவர் பாட்டுக்கு ரெக்கார்டு உரிமை, சினிமா உரிமைன்னு பணம் குடுத்து வாங்குற நிலைமை வந்துச்சு, ஏவி.எம். கையில இருந்துச்சு, 1949ல சர்க்கார் வாங்கி அப்புறம் நாட்டுக்கே பொதுவாச்சு. தெளிவா, பேரோட, இன்னார் சொத்துன்னு இருந்ததால சண்டை போட முடிஞ்சுது, பொதுவாக்கவும் முடிஞ்சுது. பாஸ்கரதாஸ் பாட்டு ஒவ்வொண்ணும் எழுதின அன்னிக்கே பாடினவங்க சொத்து ஆயிடுச்சு. நடிகர் வாங்கிட்டுப் போனார், தன் வசதிக்கு ரெண்டு அடிய மாத்தினார், அதைக் கேட்ட இன்னொருத்தர் இன்னும் ரெண்டு அடிய சேத்தார், மலிவுப் பாட்டுப் புஸ்தகம் விக்கிற குஜிலிக்கடைக்காரர் கேட்டதை எழுதி அச்சடிச்சார். இதுல எந்த வரிய எடுத்து நீங்க பாரதியோட தராசுல வெக்கப் போறீங்க? எழுதினவரோட கைப்பிரதிய வெக்கிறீங்களா, மேடையில பாடிப் பாடி தேஞ்சதை வெக்கிறீங்களா?

செல்லாக்காசு:
வாத்தியாரே, இது நல்ல கேள்வி. ஆனா பாரதி பாட்டும் மேடையிலயும் தெருவுலயும் தேயாம இருந்துச்சா? 1928ல சர்க்கார் அவர் புஸ்தகத்தைப் பறிமுதல் பண்ணப்பவும் ஜனங்க பாடிட்டுதான் இருந்தாங்க. அப்பவும் வரி நின்னுச்சே. நல்ல வரி எத்தனை வாய் மாறினாலும் நிக்கும்னு நான் சொல்றேன்.

மதகடி வாத்தியார்:
நின்னுச்சு, ஏன்னா புஸ்தகம் இருந்துச்சு, அதைத் திருத்திப் பதிப்பிக்க ஆள் இருந்தாங்க, பள்ளிக்கூடத்துல பாடமா வந்துச்சு. வாய் மட்டும் போதாது ஐயா.

விளாத்திகுளம் வெயில்:
இங்கயும் ஆள் இல்லாம இல்ல. பேரப்பிள்ளைங்க எழுத்தாளருங்க, ச. தமிழ்ச்செல்வன், கோணங்கி, நாடகக்காரர் முருகபூபதி மூணு பேரும் அவரோட மகள் வயித்துப் பேரன்கள். முருகபூபதிதான் தாத்தாவோட நாட்குறிப்புகளைத் தொகுத்துக் கொண்டு வந்தாரு. அதைப் புரட்டினா மைனர் சொல்ற தொழில்காரர் நல்லாவே தெரிவாரு. யார் வந்தாங்க, எந்த ஊருக்குப் போனேன், யாருக்குப் பாட்டு குடுத்தேன், இப்படித்தான் போகும். பெரிய தத்துவம் எல்லாம் இல்ல. நாகலாபுரம், மதுரை, ரயிலு, நடிகருங்க, பணம் வந்தது, வராதது. எனக்கு அதுதான் பிடிச்சது, இந்த நாட்டு நாடக வரலாறை எழுதுனவங்க விட்ட எடம் எல்லாம் அதுக்குள்ள கிடக்கு.

தாரிணி ஆய்வு:
ஆமாங்க, அதுக்கு முன்னாடி 1981ல ஆய்வாளர் தியடோர் பாஸ்கரன் இந்த நாடகம், தட்டு, சினிமா மூணையும் அரசியலோட சேத்து எழுதினதாலதான் பல்கலைக்கழகத்துல இந்தப் பேரையே எடுக்க முடிஞ்சுது. அதுவும் இங்கிலீஷ்ல. மேடைப் பாட்டுன்னா மட்டம்னு ஒரு பார்வை நம்மகிட்ட இன்னும் போகல. கச்சேரி மேடை ஒரு பக்கம் சுத்தபத்தமா வளருது, அதுல நாடகப் பாட்டுக்கு இடமில்ல, நாடக மேடையில ஆர்மோனியம்தான் எல்லாமே, அந்த ஆர்மோனியத்தையே 1940ல ஆல் இந்தியா ரேடியோ வெளிய தள்ளிட்டுது. ரேடியோவுல போகாத பாட்டு அடுத்த தலைமுறைக்கு எப்படி போகும்?

மாசிவீதி மைனர்:
அட, ஆர்மோனியம் விஷயம் எனக்கு தோணல. கிட்டப்பாவுக்கு அவங்க அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிச்சது தனியா ஒரு கச்சேரி மாதிரி இருக்கும்னு சொல்லுவாங்க.

செல்லாக்காசுக்கு கடைசியா ஒண்ணு சொல்லிட்டு நான் வேலைக்கு ஓடணும். 1921 செப்டம்பர்ல காந்தி மதுரைக்கு வந்தாரு, மேலமாசி வீதியில ஒரு வீட்டு மாடியில தங்கினாரு, மறுநாள் காலையில சட்டைய விட்டுட்டு நாலு முழ வேட்டியோட வெளிய வந்தாரு. அந்த வீட்டைத் தாண்டித்தான் நான் தினம் போறேன். அது ஒரு நாள்ல மதுரைக்காரங்க கண்ணுல பட்ட காட்சி. அதை ‘பரம ஏழை சன்யாசி’ன்னு ரெண்டே வார்த்தையில மடக்கி, பழனி மலையில ஆண்டிக் கோலத்துல நிக்கிற முருகனைக் கும்பிட்டு வளந்த ஜனங்களுக்கு சட்டுனு பிடிபடுற மாதிரி குடுத்தாரே, அதுக்கு எந்தத் தராசு வேணும்? ஆண்டிக் கோலத்துல இருக்குற சாமிய நமக்குத் தெரியும், காந்தியத் தெரியாது. தெரிஞ்சதை வெச்சு தெரியாததை சொல்லிட்டாரு. பாரதி காந்திய பாடினதுல ‘மகாத்மா’ வருவாரு, இவர் பாட்டுல சாமியார் வருவாரு. ரெண்டும் வேணும். எது ஒசத்தின்னு கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன்.

செல்லாக்காசு:
இது பரவால்ல. மொதல் பதிவுலயே இதைச் சொல்லியிருந்தா நான் சும்மா இருந்திருப்பேன். ஆனா ‘ரெண்டும் வேணும்’னு சொல்லி தப்பிக்காதீங்க, எனக்கு இன்னும் பாரதிதான். இதே மாதிரி நாலு பல்லவி காட்டுங்க, யோசிக்கிறேன்.

பின்பாட்டு பாலு:
நான் இழையப் படிச்சுட்டு மட்டும் போறவன், எங்க குடும்பமே ஆர்மோனியம், அதனால தாரிணி தங்கச்சிக்கு ஒரு விஷயம் சொல்லணும். இன்டர்நெட்ல கிடைக்கிற பழைய தட்டு ஆடியோவைக் கேட்டுட்டு இவங்க சுதி அஞ்சரைக் கட்டை, அவங்க சுதி ஆறு கட்டைன்னு ஆய்வுல எழுதிடாதம்மா. நிமிஷத்துக்கு 78 சுத்துன்னு பேருதானே ஒழிய, ஆரம்ப காலத்துத் தட்டுல வேகம் கூடக்குறைய இருக்கும், இப்ப ஏத்துறவங்க எல்லாத்தையும் ஒரே வேகத்துல ஓட விட்டு ஏத்திடுறாங்க, மெதுவான வேகத்துல பதிஞ்ச தட்டா இருந்தா சுதி ஏறிப்போகும், பாட்டும் வேகமா ஓடும். பின்னால வாசிக்கிற ஆர்மோனியத்தைக் கவனி. அந்தப் பொட்டியில கட்டை மாறாது, ஒரு கட்டைக்கும் இன்னொரு கட்டைக்கும் நடுவுல சுதி நிக்குதுன்னா ஸ்பீடு தப்புன்னு அர்த்தம். கையில ஒரு ஆர்மோனியத்தை வெச்சுக்கிட்டு ரெண்டும் ஒட்டுற வரைக்கும் ஆடியோவைக் கொறச்சுக்கிட்டே வா. எந்தக் கட்டைன்னு முடிவு பண்றது அதுக்கப்புறம்தான்.

தாரிணி ஆய்வு:
பாலு அண்ணே, ரொம்ப நன்றி, இதை எந்தப் புத்தகத்துலயும் பாக்கல. ஒரே சந்தேகம், ரெண்டு பக்கக் கட்டையிலயும் ஒட்டுற மாதிரி இருந்தா எதை எடுக்குறது?

பின்பாட்டு பாலு:
பாடுறவங்க மூச்சைப் பாரு. வேகம் ஜாஸ்தின்னா மூச்சு வாங்குற சத்தம் பொம்மை மூச்சு மாதிரி கீச்சுன்னு இருக்கும். மிருதங்கத்துல தொப்பிச் சத்தமும், அதாவது இடது பக்கத்து கனமான சத்தமும், மெலிஞ்சு போயிருக்கும். அப்படி இருந்தா கீழ் கட்டைய எடு.